மறு: கார் போன், ‘ரிசெப்ஷன்’ – வண்டிப்பேசி, கையெட்டு, வண்டியெட்டு என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

‘கார் போன்’, போனுக்கு அலை கிடைப்பதைச் சொல்லும் ‘ரிசெப்ஷன்’ இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் நேற்றிரவு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வடக்கே, அவுட்பேக் என்னும் ஆளரவமற்ற உள்நாட்டுப் பக்கம் வண்டியெடுத்துப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக நாங்கள் சிலர் ஒரு சிறு கையேடு தயாரிக்கிறோம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதிலுள்ள ஒரே ஒரு வரிதான் இத்தனை மடல்களுக்கும் காரணம். முதல் வரைவில் அந்த வரி இப்படி இருந்தது:

“தொலைதூரப் பகுதிகளில் கைப்பேசியின் வரவேற்பைவிட மகிழுந்துத் தொலைபேசியின் வரவேற்பு சிறந்தது.”

பிழை இல்லாத வாக்கியம்தான். ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. வரவேற்பு என்றால் நம் மக்கள் மனத்தில் வாசலில் வைத்த பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும்தான் வரும். வானொலிக் காலத்தில் ‘ஒலி ஏற்பு’ என்றும், பிறகு ‘சமிக்ஞை ஏற்பு’ என்றும் சிலர் எழுதினார்கள். குழுவில் இரண்டு பேர் அதையே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. சொல் அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. போன் வேலை செய்யும் விதத்தை அந்தச் சொல் தவறாகக் காட்டுகிறது. அதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

3ஜி இருந்த காலம். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பெடி என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிளெண்டாம்போ என்ற சிற்றூரைத் தாண்டினால் கூபர் பெடி வரை சுமார் 250 கி.மீ. பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது. கிளெண்டாம்போவை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பின் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. போனை எடுத்துப் பார்த்தால் சிக்னல் இரண்டு கோடு காட்டியது. அப்பாடா என்று கூப்பிட்டால் மணியே போகவில்லை. பத்து விநாடி அமைதி, அப்புறம் துண்டிப்பு. குறுஞ்செய்தியும் போகவில்லை. வண்டியை விட்டு இறங்கி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தேன். கோடு இரண்டுதான், பேச்சு இல்லை.

அரைமணி கழித்து ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் தன் லேண்ட் குரூசரை நிறுத்தினார். முன்பக்கத் தடுப்புக் கம்பியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வெள்ளை ஏரியல். உள்ளே முகப்புப் பலகையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டில், அதன் முதுகிலிருந்து விரல் தடிமனுக்குக் கறுப்பு ஒயர் இறங்கி அந்த ஏரியலுக்குப் போகிறது. என் போனின் அளவுக்கு அந்தத் தொட்டில் பொருந்தவில்லை. அவருடைய போனை அதில் ‘டக்’கென்று உட்கார வைத்தார். கூப்பிட்டோம். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

எங்கள் இரண்டு போனும் ஏறக்குறைய ஒரே ஆற்றல் கொண்டவை, கால் வாட். மாறியது ஏரியல் மட்டும்தான். ஆனால் நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டது வேறு. என் போனின் இரண்டு கோடு பொய்யில்லை. செல் கோபுரம் பேசுவது என் போனுக்கு உண்மையாகவே கேட்டது. நான் பேசியதுதான் கோபுரத்துக்குக் கேட்கவில்லை. கோபுரம் பல வாட்டில் உயரத்திலிருந்து கத்துகிறது. என் போன் கால் வாட்டில் முனகுகிறது. திரையில் வரும் கோடுகள் கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். நம் குரல் அங்கே போய்ச் சேர்கிறதா என்பதை அவை சொல்வதில்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று பாட்டி சொல்வாரே, அது அப்படியே இதுதான். அலை கைக்கு எட்டிவிட்டது. வாய் பேசியது எட்டவில்லை.

அதனால்தான் ‘ஏற்பு’ வேண்டாம் என்கிறேன். ஏற்பு ஒருவழிச் சொல். வாங்குவதை மட்டும் சொல்கிறது. ஒதுக்குப்புறத்தில் போன் செத்துப்போவது பெரும்பாலும் கொடுக்கும் வழியில். (ஏரியலுக்கு நாம் எழுதும் ‘அலைவாங்கி’க்கும் இதே குறை உண்டு, அது அனுப்பவும் செய்கிறது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இந்த மடலில் ஏரியல் என்றே எழுதுகிறேன், நம் வீடுகளில் டிவிக்குச் சொன்ன சொல்தான்.)

இனி ‘கார் போன்’. “அது அருங்காட்சியகப் பொருள், அதற்கெதற்குப் புதுச்சொல்?” என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் வரலாற்றை ஒருமுறை பாருங்கள் ஐயா. நடமாடும் தொலைபேசி பிறந்ததே வண்டிக்குள்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1946 ஜூன் 17 அன்று பெல் நிறுவனம் அந்தச் சேவையைத் தொடங்கியபோது கருவியின் எடை ஏறக்குறைய 36 கிலோ. கையில் பிடிக்கும் போனில் முதல் அழைப்பு வந்தது 1973இல். அது விற்பனைக்கு அனுமதி பெற்றது 1983இல், விலை 3,995 டாலர். அதே 1983இல் சிகாகோவில் செல்லுலார் சேவை தொடங்கியபோது பெருவாரியான போன்கள் வண்டியில்தான் இருந்தன: பின்பெட்டியில் ஒரு உலோகப் பெட்டி, இருக்கைகளுக்கு நடுவே சுருள் ஒயரோடு கைப்பிடி, பின்கண்ணாடியில் நடுவே சுருள் வைத்த குட்டை ஏரியல்.

டிஜிட்டலுக்கு முந்தைய அந்த அனலாக் காலத்தில் வண்டியில் பொருத்திய போனுக்கு 3 வாட். கையில் பிடிப்பதற்கு 0.6 வாட். ஐந்து மடங்கு வித்தியாசம். காரணம் எளிது. வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, ஏரியல் தலையிலிருந்து தள்ளி வெளியே நிற்கிறது. கையிலுள்ளதோ காதோடு ஒட்டியிருக்கிறது, பேட்டரியும் சிறியது. பின்னால் வந்த ஜிஎஸ்எம் என்னும் டிஜிட்டல் தரத்திலும் வண்டிக்கென்று 8 வாட் வகுப்பு இருந்தது, கைக்கு 2 வாட்.

ஆனால் ஐந்து மடங்கு ஆற்றல் என்றால் ஐந்து மடங்கு தூரம் என்று கையேட்டில் எழுதிவிடக் கூடாது. தரையை ஒட்டிப் போகும் அலை, தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்கிறது (தூரம் இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்காகிறது) என்று கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஐந்து மடங்கு ஆற்றலுக்குக் கிடைப்பது ஒன்றரை மடங்கு தூரம்தான். மீதி லாபம் ஏரியலில் இருக்கிறது. வண்டியின் உடல் இரும்பு, சில வண்டிகளின் கண்ணாடியில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சும் உண்டு. உள்ளே இருக்கும் போனின் அலையில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். ஏரியலை வெளியே நிறுத்தினால் அந்தத் தடை போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஆற்றலைக் கூட்டினால் வாய்க்கு மட்டும்தான் பலம். நல்ல ஏரியல் வாய்க்கும் காதுக்கும் சேர்த்துப் பலம். நடுவே மலை இருந்தால் இரண்டுமே உதவாது என்பதையும் கையேட்டில் எழுதவேண்டும்.

அமெரிக்காவில் அனலாக் சேவையைக் கட்டாயம் தரவேண்டும் என்ற விதி 2008 பிப்ரவரி 18இல் முடிந்தது. ஆஸ்திரேலியாவில் கதை இன்னும் சுவையானது. இங்கே 1987இல் வந்த அனலாக்கை மூடிவிட்டு ஜிஎஸ்எம்முக்கு மாற முயன்றபோது நாட்டுப்புறத்தில் முட்டுக்கட்டை விழுந்தது. ஜிஎஸ்எம்மில் ஒவ்வொரு போனுக்கும் பேசுவதற்கு நேரத்துண்டு ஒன்று உண்டு. கோபுரத்திலிருந்து 35 கி.மீ. தாண்டினால் அலை வந்துசேரும் தாமதத்தில் அந்தத் துண்டு தவறிப்போகும். எத்தனை வாட் இருந்தாலும் பயனில்லை. பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே அதைவிடத் தூரம் இருக்கிற நாடு இது. அதனால் நாட்டுப்புறத்துக்கு சிடிஎம்ஏ என்ற வேறொரு டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தார்கள். அது 2008 ஏப்ரல் 28 வரை ஓடியது. அதன் இடத்தில் 850 மெகாஹெர்ட்ஸில் வந்த 3ஜியும் 2024 அக்டோபரில் மூடப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் தூரத்துப் பண்ணைக்காரர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “என் வண்டியிலிருந்து பேச முடியுமா?”

சரி, இன்றைக்கு? 4ஜியில் சாதாரண போனின் உச்ச ஆற்றல் 0.2 வாட். வண்டியில் பொருத்துவதும் பெரும்பாலும் அதே 0.2 வாட்தான். 3 வாட் காலம் போய்விட்டது. ஆனால் வண்டிக்குள் பொருத்திய போன் போகவில்லை, திரும்பி வந்திருக்கிறது. புதுக் கார்களின் கூரையில் சுறாத் துடுப்புபோல ஒன்று இருக்கிறதே, அதற்குள் போனுக்கான ஏரியலும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல், புதிதாக அனுமதி பெறும் கார் வகைகளில் விபத்து நேர்ந்தால் வண்டி தானே 112 என்ற அவசர எண்ணை அழைக்கும் ஏற்பாடு கட்டாயம். ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் வண்டி பேசும். இதற்குப் பெயர் வேண்டாமா?

என் முன்மொழிவு வண்டிப்பேசி. ‘மகிழுந்துப் பேசி’, ‘சீருந்துப் பேசி’ இரண்டும் காருக்கு மட்டும். லாரி, டிராக்டர், பேருந்து எல்லாவற்றிலும் இதே கருவி இருக்கிறது. ‘ஊர்திபேசி’ கோவை அம்மா சொன்னது, பொருளில் முழுக்கச் சரி. ஆனால் நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நிற்பவர் “என் ஊர்தி நின்றுவிட்டது” என்று சொல்லமாட்டார். ‘வண்டி’ எல்லார் வாயிலும் இருக்கிற சொல்.

ப் வருமா வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வரவேண்டும். தயிரை உடைய குடம் தயிர்க்குடம் ஆவதுபோல, வண்டியில் பொருத்திய பேசி வண்டிப்பேசி. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ப் இல்லாமல் ‘வண்டி பேசி’ என்று விட்டால் வண்டி ஏதோ பேசிவிட்டு என்று படிக்க இடமாகும். கைப்பேசிக்கும் இதே நியாயம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பலன் வேறொன்று. அலைபேசி, செல்பேசி, கைப்பேசி மூன்றையும் இத்தனை காலம் ஒரே பொருளில், அவரவர் விருப்பப்படி எழுதிவந்தோம். இப்போது ஒழுங்கு வருகிறது. அலைபேசி என்பது பொதுச்சொல். அதில் கையில் பிடிப்பது கைப்பேசி, வண்டியில் பதித்தது வண்டிப்பேசி. கைப்பேசியை வண்டிக்குள் புளூடூத்தில் இணைத்துப் பேசினால் அது கைப்பேசிதான், ஏனென்றால் ஏரியல் இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.

‘ரிசெப்ஷ’னுக்கு எட்டு என்ற வினையையே பெயராக்கலாம் என்பது என் எண்ணம். கண்ணுக்கு எட்டிய தூரம், காதுக்கு எட்டவில்லை என்று புலன்களுக்கு நாம் காலம்காலமாகச் சொல்வது இதைத்தான். இரண்டு பக்கமும் பொருந்தும்: கோபுரம் நமக்கு எட்டவேண்டும், நாமும் கோபுரத்துக்கு எட்டவேண்டும். ‘கூப்பிடு தூரம்’ என்று மதுரை அண்ணன் எழுதியதைப் படித்துச் சிலிர்த்துப்போனேன். ஆனால் அது குரலுக்குரிய தூரமாக நிலைத்துவிட்டது, அதை அப்படியே காப்பாற்றுவோம்.

எட்டு என்றால் எண் அல்லவா என்று கேட்பீர்கள். தனியே எழுதினால் ஆமாம். அதனால் முன்சொல் இல்லாமல் இதைப் பயன்படுத்த வேண்டாம்: அலையெட்டு (பொதுவாக), கையெட்டு (கைப்பேசிக்கு), வண்டியெட்டு (வண்டிப்பேசிக்கு). கட்டு, வெட்டு, தட்டு போல முதனிலைத் தொழிற்பெயர். ‘எட்டம்’ என்று வைக்கலாமே என்றும் யோசித்தேன். யாழ்ப்பாணத்தில் ‘எட்ட நில்’ என்றால் தள்ளி நில், ‘எட்டத்தில்’ என்றால் தூரத்தில். பொருள் தலைகீழாகிவிடும், எனவே விட்டுவிட்டேன். ‘கையெட்டு’ அங்கே காதுக்கு எப்படிப் படுகிறது என்று யாழ் நண்பர்கள் அவசியம் எழுதவேண்டும்.

கையெட்டு, வண்டியெட்டு என்ற இந்த இணைச்சொல் உடனடியாகத் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. இங்கே சேவை வரைபடங்களில் இரண்டு அளவு காட்டுவதுண்டு: வெறும் கைப்பேசிக்குக் கிடைக்கும் பரப்பு ஒன்று, வெளி ஏரியல் இருந்தால் கிடைக்கும் பரப்பு ஒன்று. இரண்டாவது மிகப் பெரியது. அதைத் தன் கைப்பேசிக்கும் உரியது என்று நம்பிப் புறப்படுபவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார், நான் மாட்டிக்கொண்டதைப்போல. முதலில் இரண்டாவதற்குக் ‘கூரையெட்டு’ என்று எழுதியிருந்தேன். பிறகுதான் அந்தப் பண்ணைக்காரரின் ஏரியல் கூரையில் இல்லையே, முன்கம்பியில் அல்லவா நின்றது என்று நினைவு வந்தது. அடித்துவிட்டு ‘வண்டியெட்டு’ என்று மாற்றினேன்.

ஆக, அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது:

“ஊர்களை விட்டு விலகிய இடங்களில் கைப்பேசி எட்டாத தூரத்துக்கும் வண்டிப்பேசி எட்டும். படத்தில் அடர்நிறம் கையெட்டுப் பரப்பு, வெளிர்நிறம் வண்டியெட்டுப் பரப்பு. உங்கள் வண்டியில் வெளி ஏரியல் இல்லையென்றால் அடர்நிறத்தை மட்டும் நம்புங்கள். திரையில் கோடு தெரிவதால் மட்டும் உங்கள் அழைப்பு போய்ச்சேரும் என்று எண்ண வேண்டாம்.”

கையேடு அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். எழுதுமுன், வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் திருப்பி என்ன கேட்டார் என்பதையும் சேர்த்து எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

அன்புடன்.