வாய்ப்பேச்சும் துண்டுக் கடதாசியும்: மலையகத்தில் ஒப்பந்தம் முறிகிற இடங்கள்

ஹட்டன், சட்ட அலுவலக எழுதுவினைஞர்

பேச்சு எந்த இடத்தில் முறிகிறது, அப்போது கையில் என்ன கடதாசி இருக்கிறது, கடைசியில் எவ்வளவு தேறுகிறது: இலங்கை மலையகத்தில் வெவ்வேறு தொழில் செய்கிற நாங்கள், கண்டதை ஆளுக்குக் கொஞ்சமாக இந்த அளவில் எழுதினால் வாசிப்பவர்களுக்கு உதவும். நான் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழில் யூடியூபில் கிடைக்கும் ஒப்பந்தச் சட்ட விளக்கங்கள் அநேகமாகத் தமிழ்நாட்டிலிருந்து வருபவை. அவை சொல்வது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். பதிலுக்கு ஒன்றைக் கொடுக்காமல் வாங்கிய வாக்கு பொதுவாகச் செல்லாது என்பது அதன் விதி. அதைக் கேட்டுவிட்டு, “அண்ணே, நான் ஒன்றும் கொடுக்கவில்லையே, என் வழக்கு நிற்குமா?” என்று வருகிறவர்கள் நிறைய. நம் நாட்டில் பொதுவான ஒப்பந்தங்களுக்கு ரோமன் டச்சுச் சட்டம்தான். வாக்கு யோசித்துக் கொடுத்ததாக, நியாயமான காரணம் உடையதாக இருந்தால் போதும். அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் 1918இலேயே இதை உறுதிப்படுத்திவிட்டது.

இருவரும் ஒரே விடயத்துக்கு உடன்பட்டிருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. முத்திரை ஒட்டினால்தான் செல்லும் என்பது தவறான எண்ணம். ஆனால் சரக்கு விற்பனை, காணி, பிறர் கடனுக்குப் பிணை நிற்பது ஆகிய மூன்றிலும் வெறும் பேச்சு போதாது. காணிக்கும் பிணைக்கும் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் எழுத்தைக் கேட்கிறது. “நான் இருக்கிறேன், அவனுக்குக் கொடுங்கள்” என்று லயத்து வாசலில் நின்று சொன்ன மச்சானைப் பிணைகாரராக வழக்கில் இழுக்க முடியாது. அவர் கையொப்பம் வேண்டும்.

கந்தப்பளை, மரக்கறி மொத்த வியாபாரம்

சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். கரட்டும் லீக்ஸும் பாத்தியில் நிற்கும்போதே விலை பேசுவது இந்தப் பக்கத்து வழக்கம். 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, சரக்கில் ஒரு பகுதியை வாங்குபவர் பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியைக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது பொறுப்பேற்க வேண்டியவர் கையொப்பமிட்ட எழுத்து இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. ஆகவே ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் என்றாலும் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

நட்டஈட்டுக் கணக்கு இப்படிப் போகும். 2,000 கிலோ கரட், கிலோ 150 ரூபாய்க்குப் பேச்சு. ஒப்படைக்கும் நாளில் சந்தை 210 ஆகிவிட்டது, தோட்டக்காரர் வேறு லொறிக்கு ஏற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு வித்தியாசம் 60, ஆகவே நட்டம் 1,20,000 ரூபாய். அட்வான்ஸும் திரும்ப வர வேண்டும். ஒப்படைக்க வேண்டிய நாளின் சந்தை விலைதான் எடுபடும். பிறகு 300க்கு ஏறினாலும் அந்த 300ஐக் கேட்க முடியாது. அன்றே வேறிடத்தில் வாங்கி நட்டத்தைக் குறைக்கக்கூடியவர் சும்மா இருந்தால், அதனால் கூடிய நட்டம் அவர் தலையில்தான். “கொழும்பு ஹோட்டல் ஓடர் போய்விட்டது” என்று தனி நட்டம் கேட்பவர், அந்த ஓடர் இருப்பதைப் பேச்சின்போதே மற்றவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அதிகம் சண்டை வருவது “அன்றைய விலை” என்ற இரண்டு வார்த்தையில். எந்தச் சந்தையின் விலை? தம்புள்ளையா, நுவரெலியாவா? காலையா, மாலையா? கழுவிய கரட்டா, மண்ணோடா? துண்டுக் கடதாசியில் ஒரே வரி போதும்: “நுவரெலியா பொருளாதார மத்திய நிலையம், ஏற்றும் நாள் காலை விலை, கழுவியது, மூடை நிறை கழித்து.” இந்த ஒரு வரி இல்லாத காரணத்தால் நல்ல உறவுகள் முறிந்துபோவது மிகவும் வேதனை.

இன்னொன்று. சரக்கைப் பார்த்து, தரம் பிரித்து, விற்றும் விட்ட பிறகு “அழுகல், வேண்டாம்” என்று திருப்ப முடியாது. தரக்குறைவுக்கு நட்டஈடு மட்டுமே கேட்கலாம். திருப்புவதானால் இறக்கியவுடன் படம் எடுத்து, அதே நாளில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் வட்ஸ்அப்பில் வந்ததும் எழுத்தாக எடுபடும்.

பதுளை, கட்டட மேற்பார்வை

வீட்டு வேலைக்கு வருகிறேன். மேசன் பாஸ் பாதிப் பணத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, லின்டல் மட்டத்தோடு (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் மட்டம்) வேலையை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார். இந்தத் தகராறு எங்கும் உண்டு. அவரையே வந்து கட்டு என்று நீதிமன்றம் பிடித்து நிறுத்தாது. ஆளின் கைத்திறமையில் நடக்கும் வேலைக்கு அப்படிக் கட்டளை கிடைப்பதில்லை. கேட்க வேண்டியது நட்டஈடு. மொத்தப் பேச்சு 9 இலட்சம், கொடுத்தது 6 இலட்சம், மீதியை முடிக்க இன்னொரு பாஸ் கேட்பது 4,80,000 என்றால், எப்படியும் கொடுக்க வேண்டியிருந்த 3 இலட்சத்தைக் கழித்து நட்டம் 1,80,000. கொடுத்த 6 இலட்சத்தையும் கேட்டு வழக்கு வைப்பவர்கள் கட்டி முடிந்த பகுதியைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கேதான் தோற்கிறார்கள்.

புது ஆள் கல் வைப்பதற்கு முன் சுவரின் உயரம், நீளம், நிற்கும் தூண்கள், மிச்சமுள்ள சீமெந்து மூடைகள் எல்லாவற்றையும் அளந்து எழுதி, படம் எடுத்து, இரண்டு பேரிடம் கையொப்பம் வாங்குங்கள். மேலே ஒரு வரிசை கல் ஏறிவிட்டால் பழைய வேலை எது, புது வேலை எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஹட்டன், சட்ட அலுவலக எழுதுவினைஞர்

பதுளை அண்ணே, அந்த ஒரு வருடம் பாஸுக்குத்தான். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் செய்த வேலைக்கான கூலி, விற்று ஒப்படைத்த சரக்கின் விலை, கடைப் பற்று ஆகியவற்றுக்கு ஒரு வருடம். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை மீறியதற்கு மூன்று வருடம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். வீட்டுக்காரர் பாஸ் மேல் கேட்கும் நட்டஈடு வாய்ப்பேச்சில் நின்றால் மூன்று வருடத்தில் விழும்; பாஸ் தன் மிச்சக் கூலியைக் கேட்பது ஒரு வருடத்தில் விழும். கந்தப்பளையில் சரக்கு ஏற்றிவிட்டுக் காசுக்கு அலைபவருக்கும் அதே ஒரு வருடம்தான். “அடுத்த மாதம், அடுத்த மாதம்” என்று முதலாளி இழுக்க இழுக்கக் கரைவது உங்கள் உரிமைதான்.

தலவாக்கலை, கடைக் கணக்கு

அந்தக் காலக்கெடுவைப் புதுப்பிக்கும் வழி உண்டு. கடன்காரர் கையொப்பமிட்ட ஒப்புதல், அல்லது முதலிலோ வட்டியிலோ ஒரு சிறு தொகை வரவு. தோட்டத்துக் கடைக் கொப்பியில் மாத முடிவில் கடைக்காரர் மட்டும் கூட்டிக் கோடு போட்டால் பயன் இல்லை. கோட்டின் கீழ் “31.03 வரை நிலுவை ரூ. 18,450, ஒப்புக்கொள்கிறேன்” என்று வருடத்தோடு எழுதி வாடிக்கையாளர் கையொப்பம் வைக்கட்டும். அந்தத் திகதியிலிருந்து காலம் மறுபடி ஓடும்.

வட்டி விடயம் நம் மக்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அறவிடக்கூடிய வட்டி எந்த நிலையிலும் முதலைத் தாண்டக்கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். 50,000 கடனுக்கு வழக்கில் 50,000க்கு மேல் வட்டி கேட்க முடியாது. கடனுக்குக் கையொப்பமிடும் வாக்குறுதி நோட்டில், உண்மையில் கையில் வாங்கிய தொகை, முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும் என்று 1918ஆம் ஆண்டுக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இடம் வெறுமையாக உள்ள நோட்டில் கையொப்பமே வைக்காதீர்கள், தாய்மாரே. “பிறகு நிரப்பிக்கொள்கிறேன்” என்பவர் எந்தத் தொகையை நிரப்புவார் என்று யாருக்கும் தெரியாது.

“மீறினால் பத்து மடங்கு தருவேன்” என்பது போன்ற வரிகளும் அப்படித்தான். உண்மையான நட்டத்தோடு சம்பந்தமே இல்லாத தண்டத் தொகையை நீதிமன்றம் அப்படியே வாங்கிக் கொடுக்காது. “தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரூபாய், ஏனெனில் வாடகை அவ்வளவு” என்று காரணத்தோடு எழுதினால் நிற்க வாய்ப்பு அதிகம்.

கந்தப்பளை, மரக்கறி மொத்த வியாபாரம்

மண்சரிவால் வீதி மூடினால் என்ன நிலை? மழைக்காலத்தில் எல்லோரும் கேட்பது இது.

ஹட்டன், சட்ட அலுவலக எழுதுவினைஞர்

யாராலும் தடுக்க முடியாத காரணத்தால் காரியமே நடக்க முடியாமல் போனால் பொறுப்பு விலகும். வாங்கிய அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். மூன்று நாளில் வீதி திறந்தால் அது தாமதம் மட்டுமே. டீசல் விலை ஏறியது, கூலி ஏறியது, வேறு ஆள் கூடக் கொடுத்தார் என்பவை காரணமே இல்லை.

இனிக் கோரிக்கைக் கடிதம். திகதி குறித்த ஒப்பந்தத்தில் திகதி தாண்டினாலே தவணை தவறியதாகும். திகதி இல்லாவிட்டால், நியாயமான அவகாசம் கொடுத்துக் கேட்ட பிறகுதான் தவறு தொடங்கும். ஆகவே கடிதத்தில் எப்போது, எங்கே, என்ன பேசினோம், எவ்வளவு கொடுத்தேன், எது நடக்கவில்லை, எந்தத் திகதிக்குள் என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். திட்டு வேண்டாம், பொலிஸ் மிரட்டல் வேண்டாம். பதிவுத்தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பிரதியின் மேலேயே குத்தி வையுங்கள். வியாபாரக் கடிதத்தில் சொன்னதை ஏற்காதவர் பதில் எழுத வேண்டும். மௌனம் அவருக்கு எதிராக எடுக்கப்படலாம் என்று சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கில் உயர் நீதிமன்றம் 1948இல் சொன்னது. உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தாலும் அதே விதிதான். மூலையில் போட்டுவிடாதீர்கள்.

ஒன்றைத் தெரிந்தெடுத்தும் ஆக வேண்டும். பேசியதை நிறைவேற்று என்று கேட்கலாம். மீறல் பெரிதானால் ஒப்பந்தத்தை முறித்து நட்டஈடு கேட்கலாம். “முறித்துவிட்டேன்” என்று எழுதி அனுப்பியபின் நிறைவேற்று என்று திரும்ப முடியாது.

பண்டாரவளை, நொத்தாரிசு அலுவலகம்

காணிக்கு நொத்தாரிசு முன்னும், ஒரே நேரத்தில் கூட இருக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னும் கையொப்பம் வேண்டும். விற்பேன் என்ற உடன்படிக்கைக்கும் அதே விதி. சாதாரணத் தாளில் “10 பேர்ச்சஸ் தருகிறேன், அட்வான்ஸ் 2 இலட்சம் பெற்றேன்” என்று எழுதியதை வைத்துக் காணியைக் கேட்க முடியாது. கொடுத்த பணத்தை மட்டும் திரும்பக் கேட்கலாம். நொத்தாரிசு உடன்படிக்கை இருந்தால் காணியையே எழுதித் தரும்படி கட்டளை கேட்கலாம். அதைக் காணிப் பதிவகத்தில் உடனே பதியுங்கள். பின்னால் வாங்கியவர் முதலில் பதிந்தால் அவர் முந்தக்கூடும்.

தோட்டத்து லயக் காம்பிராவைக் கடதாசி எழுதி விற்பது பற்றிச் சொல்ல மனம் கனக்கிறது. உறுதி (காணிப் பத்திரம்) இல்லாதவர் எழுதிக் கொடுப்பதில் காணி கைமாறாது. வெளிநாட்டில் உழைத்த பணத்தைக் கொடுத்து அப்படிக் கடதாசி வாங்காதீர்கள்.

கடனுக்காகக் காணியை “திருப்பி எழுதித் தருவேன்” என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தவர்களும் தவணை தாண்டியதும் எல்லாம் போனது என்று இருந்துவிடக் கூடாது. விலை மிகக் குறைவு, வீட்டில் தொடர்ந்து இருந்தவர் எழுதிக் கொடுத்தவரே, வரியும் அவரே கட்டினார் என்று காட்ட முடிந்தால், அது விற்பனை அல்ல, வாங்கியவர் எழுதிக் கொடுத்தவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்று 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின் கீழ் வாதிடலாம். உண்மையான பெறுமதியில் பாதிக்கும் குறைவாக விற்றவருக்கு அந்த விற்பனையையே நீக்கக் கேட்கும் உரிமையும் ரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. ஆனால் எழுதிய நாளின் பெறுமதியை நிரூபிக்க வேண்டும். பெறுமதி தெரிந்தே விற்றவருக்கு அது உதவாது.

உறுதி சிங்களத்தில் இருந்தால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியில் வாசித்து விளக்கியதாக வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையொப்பம் வையுங்கள்.

ஹாலி-எல, மத்தியஸ்தம் தெரிந்தவர்

சட்டம் குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பணத் தகராறு நேரே நீதிமன்றம் போகாது; 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபை. இரு தரப்பும் ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இணக்கத்துக்குத்தான் கொண்டுவருவார்கள். இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். அதை இணைத்தால்தான் வழக்கு ஏற்கப்படும். இணங்கினால் “பணம் தருவார்” என்று மட்டும் எழுத விடாதீர்கள். “ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி 15,000, 12 தவணை, ஒன்று தவறினால் மீதி முழுவதும் உடனே” என்று எழுதச் சொல்லுங்கள். போகும்போது கோரிக்கைக் கடிதத்தின் பிரதி, தபால் ரசீது, பற்றுச்சீட்டுகள், படங்கள், அடையாள அட்டை எல்லாவற்றிலும் மூன்று பிரதிகள் கொண்டு போங்கள்; பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.