அவசரம்: பூட்டன் மலாயாவில் இறந்தவர், காணி யாழ்ப்பாணத்தில். நீதிமன்றக் கடிதத்தை எங்கே தேடுவது?

வெள்ளவத்தைப் பேரன்
வணக்கம். திங்கட்கிழமை சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும், அதனால் அவசரமாக எழுதுகிறேன். என் பூட்டன் மலாயாவில் வேலை பார்த்து அங்கேயே இறந்தவர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. அதை இப்போது சித்தியின் பெயருக்கு எழுதப் போனால், பூட்டனுடைய ஆதனத்தை, அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்தை, நிர்வகிக்க நீதிமன்றம் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்கிறார்கள். பெட்டகத்தில் கிடைத்தவை மூன்று. குடியேற்ற நாட்டுச் செயலாளர் அலுவலகத்திலிருந்து பூட்டிக்கு வந்த ஆங்கிலக் கடிதம், தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுத்துப் பூட்டி பெருவிரல் அடையாளம் வைத்த அற்றோணித் தத்துவத்தின் பிரதி, டொலரில் ஒரு தொகை எழுதிய துண்டுச்சீட்டு. கொழும்பில் இரண்டு அலுவலகங்களுக்கு அலைந்துவிட்டேன். ஒன்று மற்றதைக் கைகாட்டுகிறது. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

நொத்தாரிசு மகன்
தம்பி, மலாயாவில் எந்த ஊர்? எந்த ஆண்டு இறந்தார்? மரணசாதனம் (உயில்) எழுதினாரா? இவற்றைவிட முக்கியமானது, அந்தக் காணி யாருக்கு எப்படி வந்தது? முதுசமா (பரம்பரையாக வந்ததா), சீதனமா, தேடிய தேட்டமா (மணவாழ்வில் சம்பாதித்ததா)? காணி உறுதி (பத்திரம்) கையில் இருந்தால் அதை முதலில் வாசியுங்கள்.

ஒல்லாந்தர் ஏடு
என் அனுபவத்தில் இப்படிப்பட்ட தேடல்கள் எல்லாம் ஒல்லாந்தர் காலத்து அநாதைகள் மன்றத்தில்தான் போய் முடியும். கடல் கடந்து இறந்தவனின் சொத்தை எழுதிவைத்து, வாரிசு வயதுக்கு வரும்வரை காத்த அமைப்பு அது. பிரித்தானியர் அந்த வழக்கத்தின் மேல்தான் தங்கள் நிர்வாகத்தைக் கட்டினார்கள். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்தர் ஆவணங்கள் முதலாம் தொகுதியாக இருக்கின்றன. அங்கே தொடங்குங்கள்.

கறுவாத்தோட்டம்
தயவுசெய்து பிள்ளையைத் திசைதிருப்பாதீர்கள். ஒல்லாந்தர் 1796இல் போய்விட்டார்கள். இவருடைய பூட்டன் பிறந்ததே அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் இருக்கும்.

கேள்வி கேட்டவருக்கு: எத்தனையோ தடவை இங்கே எழுதியிருக்கிறேன், யாரும் பழையவற்றைத் தேடிப் படிப்பதில்லை. "மலாயா" என்று ஒரே ஆட்சி அப்போது இருக்கவில்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள். 1867 முதல் நேரே லண்டன் குடியேற்ற அமைச்சின் கீழ் இருந்த முடியாட்சிக் குடியேற்றம், நம் இலங்கையைப் போல. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1896இல் கூட்டாட்சி மலாய் நாடுகளாயின. அங்கே சட்டப்படி ஆட்சி சுல்தான்களுடையது, நெகிரி செம்பிலானில் யாம் துவானுடையது. கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் 1909 உடன்படிக்கை வரை சீயத்தின் (இன்றைய தாய்லாந்து) மேலாதிக்கத்தில் இருந்தன. சீயத்தில் 1855 உடன்படிக்கையின்படி பிரித்தானியப் பிரசைகளின் விவகாரம் பிரித்தானியக் கொன்சலிடம் போகும். யாழ்ப்பாணத்தவரும் பிரித்தானியப் பிரசைதான். எந்த எல்லைக்குள் உயிர் போனது என்பதைப் பொறுத்து எந்த அலுவலகம் எந்த அலுவலகத்துக்கு எழுதியது என்பது மாறும். ஊரைச் சொல்லாமல் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

மட்டக்குளி ஆசிரியர்
கறுவாத்தோட்டம் ஐயா, இந்தப் பாகுபாடு காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. சிங்கப்பூர் ஆளுநரே மலாய் நாடுகளுக்கும் உயர் ஆணையாளர். அந்த நாடுகளின் மேன்முறையீடுகளும் லண்டனில் இருந்த உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குத்தான் போயின. எல்லாம் ஒரே ஆட்சிதான். சுல்தானின் பெயர் வெறும் அலங்காரம்.

கறுவாத்தோட்டம்
ஆசிரியரே, 1894இல் ஓர் ஆங்கிலேயப் பெண் ஜொகூர் சுல்தான் மீது லண்டனில் வழக்குப் போட்டாள். அவர் இங்கிலாந்தில் ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகி, மணம் முடிப்பதாக வாக்களித்து ஏமாற்றினார் என்பது அவள் முறைப்பாடு. குடியேற்ற அமைச்சு நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தது: அவர் சுதந்திர அரசர். அவ்வளவுதான், வழக்குத் தள்ளுபடி. வெறும் அலங்காரத்துக்காக எந்த நீதிமன்றமும் வழக்கைத் தள்ளாது.

மட்டக்குளி ஆசிரியர்
ஜொகூர் கூட்டாட்சியிலேயே சேராத நாடு! பேராக்கில் பிரித்தானிய ஆலோசகரான ரெசிடென்ட் சொன்னதுதான் சட்டம். சமயமும் மலாய் வழக்கமும் மட்டுமே சுல்தானின் கையில். உங்கள் எடுத்துக்காட்டு இந்தப் பிள்ளையின் காணிக்கு எப்படிப் பொருந்தும்?

நொத்தாரிசு மகன்
இருவரும் பொறுங்கள். நடைமுறையில் வேறுபாடு இருந்தது. காலனிகளில் கொடுத்த புரோபேட்டை (மரணசாதனத்தை நீதிமன்றம் ஏற்றதற்கான சான்றை) இங்கிலாந்திலும் செல்லும்படி மறுமுத்திரை இட 1892இல் சட்டம் வந்தது. அது காலனிகளுக்கு மட்டும். பாதுகாக்கப்பட்ட நாடுகளையும் சேர்ப்பதற்கென்றே 1927இல் தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. இலங்கையில் பிரித்தானிய நீதிமன்றப் புரோபேட்டுகளை மறுமுத்திரை இடும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. எல்லாம் ஒன்றுதான் என்றால் இவை எதற்கு?

தம்பி, காணி பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

செட்டியார் தெருக் கணக்கர்
டொலர் துண்டுச்சீட்டை யாரும் கவனிக்கவில்லையே. அது நீரிணை டொலராக இருக்கும். 1906 முதல் 2 சிலிங் 4 பென்சுக்கு நிலைப்படுத்திய நாணயம். மலாய் நாடுகளிலும் அதுவே புழங்கியது, ஆகவே அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பணம் செட்டியார் உண்டியல் (கடைக்குக் கடை பணம் மாற்றும் சீட்டு) வழியாக வந்திருந்தால் அந்தக் கடைக்கு இங்கே ஒரு கிளை இருந்திருக்கும். பேரேடு கிடைத்தால் யார் வாரிசாகப் பணம் பெற்றார் என்பது தெரியும்.

எல்லை தாண்டிய சொத்து என்றால் எங்கள் பக்கத்து வழக்கு ஒன்றை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஒருவர். மகன் 1934இலும் அவர் 1938இலும் இறந்தார்கள். இலங்கையில் இருந்த சொத்துக்கு அரசு மரணவரி கேட்டது. பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு வரி இல்லை என்று நம் கட்டளைச் சட்டம் சொன்னது. ஆண்வழியில் ஒருவரும் உயிரோடு இல்லாதபோது கூட்டுக் குடும்பம் என்று ஒன்று இருக்குமா? தத்தெடுக்கக்கூடிய விதவைகள் இருக்கிறார்கள், ஆகவே குடும்பம் அழியவில்லை என்று 1957இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. கடல் கடந்து வந்த சட்டத்துக்கும் கொழும்பில் மதிப்பு இருந்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

வெள்ளவத்தைப் பேரன்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஊர் தைப்பிங். புகையிரத எழுதுவினைஞர். 1926. மரணசாதனம் இல்லை. உறுதி அம்மாவிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். இரண்டு கேள்விகள்: கடிதம் லண்டனில் இருக்குமா? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை மலாயாவில் இருந்தவருக்குப் பொருந்துமா?

தைப்பிங் பேத்தி
தைப்பிங் பேராக்கில் இருக்கிறது. அப்படியானால் கூட்டாட்சி மலாய் நாடு. என் அம்மப்பாவும் அங்கே புகையிரதத்தில் இருந்தவர்தான். 1885இல் திறந்த தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து ஆட்கள் போனார்கள். அதன் பின்னர்தான் நம் எழுதுவினைஞர்களும் நிலைய அதிபர்களும் வரிசையாகக் கப்பல் ஏறினார்கள்.

நடந்தது இதுவாக இருக்கலாம். விதவை யாழ்ப்பாணத்தில், குழந்தைகளோடு. கணவனின் சம்பள பாக்கியும் வங்கிப் பணமும் தைப்பிங்கில். அங்கே போக முடியாது. ஆகவே அரசாங்கத்துக்கு அரசாங்கம் கடிதம் எழுதி இறப்பை அறிவிக்கிறது; விதவை இங்கே அற்றோணித் தத்துவத்தில் விரல் வைக்கிறாள்; அங்கே உள்ள ஊரவர் ஒருவர் பேராக் நீதிமன்றத்தில் நிர்வாகக் கடிதம் பெற்றுப் பணத்தை எடுத்து அனுப்புகிறார். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. அம்மம்மா தன் பெயரை எழுதத் தெரிந்தவர். ஆனாலும் ஆங்கிலத்தில் இருந்ததால் விரல் வைக்கச் சொன்னார்களாம். அதைச் சாகும்வரை சொல்லி வருந்தினார்.

ஒன்றைக் கவனியுங்கள். பேராக்கில் கொடுத்த கடிதத்துக்குப் பேராக்கில் உள்ள பொருள் மீது மட்டுமே அதிகாரம் உண்டு. யாழ்ப்பாணக் காணியை அது தொடாது. உங்களிடம் கேட்கிற கடிதம், அப்படி ஒன்று இருந்தால், யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்து ஆதன வழக்குக் கோப்பில் இருக்க வேண்டும். லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இலங்கைக் கடிதப் போக்குவரத்து சிஓ 54 என்ற வரிசையில் இருக்கிறது, ஆனால் ஒரு எழுதுவினைஞரின் ஆதனம் அவ்வளவு மேலே போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. பேராக் பக்கக் கோப்புக்குக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

நொத்தாரிசு மகன்
பேத்தி சொன்னது சரி. தேசவழமை பற்றி: 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தது, 1806இல் பிரித்தானியர் சட்டமாக்கியது. வேலைக்காக மலாயா போனதால் மட்டும் ஒருவர் யாழ்ப்பாணத்தவர் இல்லை என்று ஆகிவிடாது. திரும்பி வரும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அசையாச் சொத்துக்கு அது இருக்கும் இடத்துச் சட்டம். திருமணம், யாழ்ப்பாணத்தவரின் திருமணச் சொத்துரிமை பற்றிய 1911 கட்டளைச் சட்டத்துக்கு முன்னா பின்னா என்பதும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உறுதி!

ஒல்லாந்தர் ஏடு
தேசவழமையே ஒல்லாந்தர் தொகுத்தது என்கிறீர்கள். அப்படியானால் முதலாம் தொகுதியைப் பார்க்கச் சொன்னதில் என்ன தவறு?

கறுவாத்தோட்டம்
சட்டம் பழையது என்பதால் 1926இல் இறந்தவரின் கோப்பு 1796க்கு முந்திய தொகுதியில் இருக்காது. இதற்குமேல் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

வெள்ளவத்தைப் பேரன்
உறுதியைப் பார்த்தோம். 1908ஆம் ஆண்டுச் சீதன உறுதி. பூட்டியின் தகப்பன் பூட்டிக்கு எழுதிக் கொடுத்தது. சட்டத்தரணி இரண்டு நிமிடங்களில் சொல்லிவிட்டார்: காணி பூட்டனுடையதே இல்லை, அவருடைய கடிதம் தேவையில்லை. எல்லோருக்கும் நன்றி.

நொத்தாரிசு மகன்
நல்லது. இனிப் பூட்டிக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் பங்குகள் எப்படி வந்தன என்று பாருங்கள். சித்தி பெயருக்கு எழுத மற்றவர்களின் கையெழுத்தும் வேண்டியிருக்கும்.

தைப்பிங் பேத்தி
தம்பி, காணி முடிந்தாலும் அந்த மூன்று தாள்களையும் எறிந்துவிடாதீர்கள். அற்றோணித் தத்துவத்தில் பூட்டி யாரை நியமித்தார்? அந்த ஒரு பெயரை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் அம்மம்மாவுக்குப் பணம் எடுத்து அனுப்பியவரும் தைப்பிங் புகையிரதத்தில்தான் இருந்தார். அவருடைய குடும்பத்தைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.