கேம்பர்வானில குளிர்காலம் முழுக்க ஸ்பெயின், போர்த்துக்கல்: 70 வயதில முடியுமோ?

கேள்வி:
வாற வருசம் எனக்கு 70. லண்டனிலயிருந்து நானும் மனுசியும் பிரான்ஸ் வழியா இறங்கி, குளிர் முடியுமட்டும் தெற்கில நிக்க ஆசை. பிள்ளையளுக்காக ஓடின காலம் போதும், இது எங்கட பயணம். ரெண்டு பேரிட்டையும் பிரிட்டிஷ் பாஸ்போட். டீசல் வான், ஏத்தின நிறை 3,850 கிலோ. முதல் என்னத்தைப் பாக்க வேணும்?

பதில் 1:
நாட்கணக்கு, அண்ணை. ஷெங்கனுக்குள்ள (பிரான்ஸ், ஸ்பெயின், போர்த்துக்கல் எல்லாம் சேர்ந்த, ஒரே எல்லையா நடக்கிற ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலயும் 90 நாள்தான். போற நாளும் வாற நாளும் சேரும். நாங்கள் ஸ்பெயின்ர தெற்கில இருக்கிற அல்ஹெசிராஸ் துறைமுகத்தில கப்பலேறி மொரோக்கோ போய் நிண்டனாங்கள், அந்த நாட்கள் சேராது. அங்க ஓட வான் இன்சூரன்சைத் தனியாக் கேளுங்கோ. அட்லஸ் மலையைப் பாக்காமல் திரும்பாதேங்கோ!

பதில் 2:
நான் லைசென்சைத்தான் முதல் சொல்லுவன். 1997க்கு முதல் இங்க கார் டெஸ்ட் பாஸ் பண்ணியிருந்தா லைசென்சில சீ1 (C1) எண்ட பிரிவு இருக்கும், அதால 7,500 கிலோ வரை ஓடலாம். 70இல புதுப்பிக்கேக்க டாக்டரிட்ட டீ4 (D4) எண்ட மருத்துவப் பரிசோதனைப் போர்ம் நிரப்பிக் குடுக்காட்டி அது போயிடும். பிறகு 3,500 கிலோவுக்கு மேல டீசல் வான் ஓடேலாது. புதுப்பிக்கிற நேரம் வரேக்க மறக்காமல் டாக்டரைப் பாருங்கோ.

கேட்டவர்:
டீ4 விசயம் தெரியாது தம்பி, பெரிய உபகாரம். மனுசிக்கு பிரெஷர் குளிசை இருக்கு, அதுக்கு?

பதில் 3:
அக்காவின்ர பிரிஸ்கிரிப்சன் கொப்பியும் ஜீஹிக் (GHIC) காட்டும் மறக்காமல் கொண்டு போங்கோ; அது ஐரோப்பாவில அரச வைத்தியம் பாக்க பிரிட்டன் குடுக்கிற காட். காட் மொரோக்கோவில செல்லாது, பயண இன்சூரன்ஸ் எடுங்கோ. இறைச்சி, பால், தயிர் ஒண்டும் இங்கயிருந்து கொண்டு போகேலாது. மிளகாய்த்தூளை மட்டும் மறக்காதேங்கோ.