1991–94 விடுதித் தோழிகளைத் தேடுகிறேன், உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மகளிர் கல்லூரியில் 1991 முதல் 94 வரை விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்தேன். கல்லூரியின் பெயரை உள்பெட்டியில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

கட்டுப்பாடு அதிகம். வீட்டிலிருந்து வரும் கடிதத்தைக்கூட வார்டன் சிஸ்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். இரவு ஜெபம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த இருட்டில் கிசுகிசுவென்று பேசியே நாங்கள் சகோதரிகளைப் போல ஆனோம். அதனாலோ என்னவோ, அப்புறம் வந்த எந்த நட்பும் எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை.

கையில் இருப்பது ஒரு ஆட்டோகிராப் நோட்டுதான். அதில் உள்ள முகவரிகளில் ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’, ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்றுதான் இருக்கிறது. 1997-இல் அந்தப் பெயர்களே போய், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் என்று ஆகிவிட்டன. நோட்டில் நெல்லை மாவட்டம் என்று இருக்கும் சங்கரன்கோவில் இப்போது தென்காசி மாவட்டம். போட்ட கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. பேஸ்புக்கில் தேடலாம் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு பலருக்கு இனிஷியலே மாறியிருக்கும்.

முக்கியமாக இருவர். பாடகர் குழுவில் முதல் குரல் பாடிய இடிந்தகரைப் பெண். வீரவநல்லூரிலிருந்து வந்த நெசவாளர் வீட்டுப் பெண். எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியவள் அவள்தான்.

உங்கள் அம்மாவோ, அத்தையோ, பள்ளி ஆசிரியையோ இவர்களில் ஒருவராக இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். அவர்களுடைய எண்ணை எனக்குத் தர வேண்டாம். என் எண்ணை உங்களுக்கு அனுப்புகிறேன், அவர்களிடம் கொடுத்தால் போதும். விருப்பம் இருந்தால் அவர்களே பேசட்டும். பழைய மாணவிகளை வேறு வழியில் கண்டுபிடித்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று தயவுசெய்து எழுதுங்கள்.