புதுப்பிப்பு: அம்மாவிடம் சொல்லிவிட்டேன்

தவக்காலத்தில் எழுதியிருந்தேன்: எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு, விசுவாசத்தையும் விட முடியவில்லை, ஒரு ஜெபக்குழுவில் "குணமாக்குகிறோம்" என்று கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று. போகவில்லை. மருத்துவ முறையில் இதை மாற்ற முயல்வதையே 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது.

பதிலாக, புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குப் போய் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் திட்டவில்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2358, 2359 என்று எண்ணிட்ட இரண்டு பத்திகளையும் சேர்த்தே படிக்கச் சொன்னார். முன்னது, எங்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது. பின்னது கற்பு வாழ்வுக்கு, அதாவது உடலுறவைத் தவிர்த்து வாழ, அழைக்கிறது. இரண்டாவது வலிக்கிறது. ராத்திரி தனியாகத் தட்டைக் கழுவும்போது ரொம்பவே. ஆனாலும் அதன்படி வாழப் பார்க்கிறேன். இது என் மனசாட்சியின் முடிவு. வேறு முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2358-ஐ மறந்துவிட்டு 2359-ஐ மட்டும் எங்களிடம் நீட்டுகிறவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சொன்னதும் கை நின்றது. "அப்பாகிட்ட இப்ப வேணாம்" என்றார், அவ்வளவுதான். முறத்தில் கீரை வாடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வந்து தோளை உலுக்கினார். "எழுந்திருடா, பூசைக்கு நேரமாச்சு."