குரூப்பா, சேனலா? புடவை விற்கும் எனக்கு எது சரி?

இளம்பிள்ளை அக்கா:
வணக்கம். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் இருக்கிறேன். ஆறு வருடமாக வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் புடவை ரீசெல்லிங். குரூப்பில் இப்போது 640 பேர். காலையில் தறிக்காரர் வீட்டுக்குப் போய், வாசல் வெளிச்சத்தில் முந்தானையை விரித்து நானே படம் எடுப்பேன். டியூப்லைட்டில் எடுத்தால் மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், பார்சல் திரும்பி வந்துவிடும்.

போன மாதம் யாரோ வாடிக்கையாளர் மாதிரி உள்ளே சேர்ந்து, குரூப்பில் இருந்த நம்பர்களை எல்லாம் எடுத்து, "அதே புடவை 80 ரூபாய் குறைவு" என்று தனித்தனியாக மெசேஜ் போட்டிருக்கிறார். நம்பிப் பணம் கட்டிய ஒருவருக்குப் புடவையே வரவில்லை. அவர் போனில் அழுதபோது எனக்கு மனசு கேட்கவில்லை. என் குரூப்பில் இருந்துதானே அவர் நம்பர் போனது?

வாட்ஸ்அப் சேனலுக்கு, அதாவது நான் மட்டும் படம் போட மற்றவர்கள் பார்க்கும் பக்கத்துக்கு, மாறச் சொல்கிறார்கள். அங்கே ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது, சரி. ஆனால் குரூப்பில் வாங்கியவர்கள் தங்களுக்குள் பேசும் பேச்சு அங்கே இருக்காதே. என் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட, கட்டியவரைப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். ஓசூரிலிருந்து ஒருவர் வளைகாப்புக்கு அரக்குப் புடவை கட்டிய படத்தைப் போட்டார். அன்று மதியத்துக்குள் அதே நிறத்தில் 11 புடவை போனது. "துவைத்தால் சாயம் போகுமா?" என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்வதும் பெரும்பாலும் வாங்கியவர்தான். அதை எப்படி விடுவது?

ஈரோடு தம்பி:
அக்கா, முதலில் ஒன்று. "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றினால் பேச்சுதான் நிற்கும், நம்பர்கள் அப்படியே தெரியும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பல குரூப்களை ஒன்றாகச் சேர்க்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி தொடங்கினால் அதன் அறிவிப்புப் பகுதியில் அட்மினைத் தவிர மற்றவர்களுக்கு நம்பர் மறைந்திருக்கும். ஆனால் பழைய குரூப்பை அப்படியே அதற்குள் இணைக்காதீர்கள்; அந்தக் குரூப்புக்குள் எல்லாம் பழையபடி தெரியும்.

ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் உண்டு. ஒரு லிஸ்ட்டில் 256 பேர், ஆக உங்களுக்கு மூன்று வேண்டும். உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பதில் உங்களுக்குத் தனியாக வரும்.

மதுரை வியாபாரி:
தம்பி சொன்னது சரி. நான் சொல்வது வேறு: எந்த ஆப்பையும் முழுசாக நம்பாதீர்கள், சகோதரி. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்குத் தடை வந்தது. அதில் வீடியோ போட்டு ஆள் சேர்த்தவர்கள் வாடிக்கையாளரை வேறு எங்கே போய்த் தேடுவது? ஆன்லைன் விற்பனை ஆப்பான மீஷோவும் 2015-ல் தொடங்கி, உங்களைப் போல வாட்ஸ்அப்பில் பகிர்ந்து விற்ற பெண்களை வைத்துத்தான் வளர்ந்தது. அப்புறம் வாங்குபவரிடமே நேராக விற்கும் பக்கம் திரும்பியது. அது அவர்கள் தொழில், குறை சொல்லவில்லை. பெயர், ஊர், நம்பர், கடைசியாக எடுத்த நிறம் எல்லாம் உங்கள் கையில் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

இளம்பிள்ளை அக்கா:
இருவருக்கும் ரொம்ப நன்றி. இப்படிச் செய்கிறேன்: புதுப் புடவைப் படங்கள் கம்யூனிட்டி அறிவிப்பில். பேச்சுக்கு, இரண்டு முறையாவது வாங்கி எனக்குக் குரல் தெரிந்தவர்களை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு சின்னக் குரூப். அதிலும் நம்பர் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஓசூர்க்காரரிடம் கேட்டேன், படத்தை அறிவிப்பில் போடச் சம்மதித்தார். முகம் வேண்டாம், முந்தானை மட்டும் தெரியட்டும் என்றார்.

நோட்டும் எடுத்துவிட்டேன். நேற்று இரவு வரை 112 பேர் எழுதியிருக்கிறேன். பணம் கட்டி ஏமாந்தவர் பெயர்தான் முதலில். அவருக்கு அந்தப் புடவையை அடக்க விலைக்கே அனுப்பிவிட்டேன்.