திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வீடு மாறணும், எந்தத் தெரு தோதுப்படும்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்குமுன் வீடு மாறணும். மூணாங்கிளாஸ் பிள்ளை, முழங்கால் வலியுள்ள அம்மா. மகாராஜநகர், தியாகராஜநகர், பெருமாள்புரம் மூணும் மனசில் இருக்கு. உழவர் சந்தை இருக்கிறதால மகாராஜநகர் ஒருபடி மேலே. அம்மாவே நடந்து போய்க் காய் வாங்கிரலாம்.

தரகர் சொல்லும் அஞ்சு நிமிஷம் பைக் கணக்கு. சின்னப்பிள்ளை நடைக்கு ஒரு கிலோமீட்டருக்கே கால் மணி நேரம் ஆகும். அதனால மெயின் ரோட்டைக் கடக்காம பள்ளி, மருந்துக்கடை, பஸ் ஸ்டாப் போக முடியுற தெருவாச் சொல்லுங்க. சாக்கடை மேல சிலாப்பு உடையாம இருக்கா? ஓரத்துல கார் நின்னா பிள்ளைக நடுரோட்டுலதான் நடக்கணும். ஞாயித்துக்கிழமை பார்த்தா எல்லாத் தெருவும் அமைதியாத்தான் தெரியும். பள்ளி நாள்ல காலை எட்டரைக்கு எப்படி இருக்கும்? ராத்திரி தெருவிளக்கு, நாய்த்தொல்லை?

முக்கியமா, 2023 டிசம்பர் மழையில உங்க தெருவுல தண்ணி எதுவரை நின்னுச்சு? சுவர்க்கறையைப் பெயிண்ட் மறைச்சிரும். நிலைக்கதவின் அடிக்கட்டை உப்பியிருந்தா, மீட்டர் பெட்டிக்குள்ள வண்டல் படிஞ்சிருந்தா சந்தேகப்படணும். குழாய்த்தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னும் தெருப்பேரோட சொல்லுங்க.